ஆட்சி போயிற்று, அம்மி நின்றது



இன்று பகல் நீங்கள் சமைத்த சாப்பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொச்சிக்காய்த் தூள் இல்லாமல் கறி ஆக்கினீர்களா? மீன் ஆணத்துக்குத் தக்காளி வெட்டிப் போட்டிருப்பீர்கள். பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் சாக்லேட், சீனி போட்டுப் பிசைந்து உண்ணும் ஆனைக்கொய்யா, மழை நாளில் அவித்துத் தின்னும் சோளம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 550 ஆண்டுகளுக்கு முன் இவற்றில் ஒன்றேனும் நம் நாட்டில் இருந்ததில்லை. கடலுக்கு அப்பால், அமெரிக்கக் கண்டத்து மக்கள் நெடுங்காலம் பயிரிட்டுப் பேணிய பொருட்கள் இவை. கொச்சிக்காய் போர்த்துக்கேயரின் கப்பல்களில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் நாம் சொல்கின்ற சில்லி, டொமாட்டோ, அவகாடோ, சாக்லேட் ஆகிய சொற்களும் மெக்ஸிகோவின் நஹுவாட்ல் மொழியிலிருந்து பிறந்தவையே.

அந்த மொழியைப் பேசியவர்களில் பேர்பெற்றவர்கள் அஸ்டெக் மக்கள். அவர்கள் தங்களை 'மெஷிகா' என்று அழைத்துக்கொண்டார்கள். மெக்ஸிகோ என்ற நாட்டின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். இம்மாதம் அவர்களுடைய வீட்டு வாழ்க்கையைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

கோயிலும் வீடும்

டெக்ஸ்கோகோ என்ற ஏரியின் நடுவே ஒரு தீவில் 1325ஆம் ஆண்டளவில் அவர்கள் டெனோச்டிட்லான் நகரத்தை அமைத்ததாக மரபு கூறுகிறது. சேற்றை அள்ளிப் போட்டு ஏரிக்குள்ளேயே தோட்டங்கள் எழுப்பினார்கள். சபுல்டெபெக் குன்றிலிருந்து வாய்க்கால் கட்டி நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். 1519இல் ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் உள்ளே நுழைந்தபோது, அவருடன் வந்த போர்வீரர்கள் அந்த நகரத்தின் அழகையும் துப்புரவையும் கண்டு திகைத்து நின்றார்கள்.

ஆனால் அஸ்டெக் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது நரபலிதான். அது இட்டுக்கட்டிய கதையன்று. போரில் பிடிபட்டவர்களையும் அடிமைகளையும், சில சமயம் குழந்தைகளையும்கூட, தங்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள். 1978இல் மெக்ஸிகோ நகரின் நடுவே அவர்களுடைய பெருங்கோயிலின் எச்சங்கள் வெளிப்பட்டன. 2015இல் அதன் அருகே மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. 2020 வரை அதில் எண்ணப்பட்ட மண்டையோடுகள் 600க்கும் அதிகம். அவற்றில் பெண்களுடையவையும் பிள்ளைகளுடையவையும் இருந்தன. இதை யாராலும் நியாயப்படுத்த இயலாது. நியாயப்படுத்துவதற்காக நான் இதை எழுதவுமில்லை.

எனினும் ஒன்றை யோசிக்க வேண்டும். இலட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஒரு நகரம் கோயில் படிகளிலேயே வாழ்ந்திருக்க முடியாது. அங்கும் விடிந்ததும் வாசல் கூட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், பிள்ளைக்குப் புத்தி சொன்னார்கள். அந்தச் சமூகத்தைத் தாங்கி நின்றது எது என்று கேட்டால், வரலாறு காட்டுவது வீட்டையும் வீட்டிலிருந்த பெண்களின் கையையும்தான்.

இவை எப்படித் தெரியவந்தன?

ஸ்பானியர் நாட்டைப் பிடித்தபின் பழைய சித்திர ஏடுகளில் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. ஆயினும் 1529இல் மெக்ஸிகோ வந்த பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற கிறிஸ்தவத் துறவி ஒரு பெரிய காரியம் செய்தார். அம்மக்களின் மதத்தை மாற்ற வந்தவர்தான் அவர். எனினும் ஊர் முதியவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். நஹுவாட்ல் மொழியை எழுதக் கற்ற உள்ளூர் இளைஞர்கள் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினார்கள். இப்படிப் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்தது 12 பாகங்களாக, ஏறத்தாழ 2,500 சித்திரங்களுடன் இத்தாலியின் புளோரன்ஸ் நகர நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

இன்னொன்று, 1541ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட மென்டோசா ஏடு. இது இப்போது ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ஒரு பிள்ளை பிறந்தது முதல் கலியாணம் முடிக்கும் வரை வீட்டில் எப்படி வளர்ந்தது என்பதை வயது வாரியாகப் படம் போட்டுக் காட்டும் ஏடு இது.

பிறப்பு

அஸ்டெக் சமூகத்தில் மருத்துவிச்சிக்கு இருந்த மதிப்பு மிகப் பெரியது. கருவுற்ற பெண் என்ன சாப்பிட வேண்டும், எதைச் சுமக்கக்கூடாது, எந்த மனநிலையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்படிதான் நடந்தது. கல்லால் கட்டிய சிறிய அறையைச் சூடாக்கி, நீராவியில் தாயைக் குளிப்பாட்டினாள். நமது பேறுகாலக் குளிப்புகள் உங்களுக்கு நினைவு வரக்கூடும்.

பிள்ளை பிறந்ததும் மருத்துவிச்சி போர் முழக்கம் எழுப்புவாள். ஏனென்றால் பிள்ளை பெறுவதை அவர்கள் ஒரு போராகவே கருதினார்கள். களத்தில் எதிரியைச் சிறைபிடித்த வீரனுக்குள்ள பெருமை, பிள்ளையைக் கையில் ஏந்திய தாய்க்கும் உண்டு. பிரசவத்தில் இறந்த பெண்ணுக்கு, யுத்தத்தில் விழுந்த வீரனுக்குரிய மரியாதை கிடைத்தது.

பிறந்தது ஆணாயின் சிறு வில்லும் அம்பும் கேடயமும் செய்து வைத்தார்கள். அவனுடைய தொப்புள் கொடியை வீரர்கள் கொண்டுபோய்ப் போர்க்களத்தில் புதைத்தார்கள். பெண்ணாயின் தும்புத்தடியும் நூல் நூற்கும் கதிரும் சிறு கூடையும் வைத்தார்கள். அவளுடைய கொடியை அடுப்பங்கரையில், அம்மிக்கு அருகே புதைத்தார்கள். அவன் வெளியே போக வேண்டியவன், இவள் வீட்டில் நிற்க வேண்டியவள் என்பது பிறந்த அன்றே எழுதப்பட்டுவிட்டது.

அரை ரொட்டியும் இரண்டு ரொட்டியும்

மென்டோசா ஏட்டில் ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்கும் மேலே, அந்த வயதில் ஒரு வேளைக்குரிய சோள ரொட்டி வரையப்பட்டிருக்கிறது. 3 வயதில் அரை ரொட்டி. 4, 5 வயதில் ஒன்று. 6 முதல் 12 வரை ஒன்றரை. 13 வயதிலிருந்து இரண்டு. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மகனுக்கு எத்தனை ரொட்டியோ, அதே வயது மகளுக்கும் அத்தனைதான், குறைவில்லை. மீனின் நடுத்துண்டைத் தம்பிக்கு ஒதுக்கிவைத்து, வாலை ராத்தாவுக்குப் போடும் வீடுகள் இன்றும் நம்மிடையே இல்லாமலில்லை. அந்தப் படத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் போலிருக்கிறது.

வேலையும் வயதுக்கேற்பவே வந்தது. 4 வயது மகளுக்குத் தாய் கதிரை எடுத்துக்காட்டி இது இன்னது என்று சொல்வாள். 6 வயதில் மகள் தானே நூற்கத் தொடங்குவாள். 13 வயதில் சோளம் அரைத்து ரொட்டி சுடுவாள். 14 வயதில் தறியில் அமர்வாள். மகன் 5 வயதில் சிறு விறகுக் கட்டுச் சுமப்பான். 6 வயதில் சந்தைக்குப் போய்க் கீழே சிந்திய சோளத்தையும் அவரையையும் பொறுக்கி வருவான். 7 வயதில் வலை வீசப் பழகுவான்.

தண்டனைகளும் அந்த ஏட்டில் உண்டு, அவை கடுமையானவை. 8 வயதுப் பிள்ளைக்கு ஆனைக்கற்றாழை முள்ளைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 9 வயதில் அந்த முள்ளால் குத்துவார்கள். 11 வயதுப் பிள்ளையை, கொச்சிக்காயை நெருப்பிலிட்டு அதன் புகையைச் சுவாசிக்கும்படி பிடிப்பார்கள். தாளிக்கும்போது ஒரு செத்தல் கருகினால் வீடே இருமுவதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் படத்தில் பிள்ளையின் கண்ணிலிருந்து நீர் வடிகிறது. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அடிக்கும் புகைக்கும் பயந்த பிள்ளை அந்த நேரத்துக்கு அடங்கியிருக்குமே தவிர, அதன் உள்ளத்தில் பாடம் பதியாது. இது அஸ்டெக் பெற்றாருக்கு மட்டும் சொல்லும் வார்த்தையன்று.

அவர்களுடைய மற்றொரு வழிதான் உண்மையில் வலுவானது. அது புத்திமதி. பிள்ளை விவரம் தெரியும் வயதை அடைந்ததும் தாயும் தகப்பனும் முன்னே இருத்தி, தலைமுறை தலைமுறையாக வந்த நஸீஹத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். இதற்கு 'மூத்தோர் சொல்' என்றே அவர்கள் மொழியில் பெயர். பிள்ளையை விலைமதிப்பற்ற மணிமாலை, அருமையான இறகு என்று விளிப்பார்கள். அதிகாலையில் எழும்ப வேண்டும், தெருவில் அவசரமாகவும் நடக்காமல் ஆடி அசைந்தும் நடக்காமல் போக வேண்டும், குரலை உயர்த்தக்கூடாது, கைத்தொழிலைச் செம்மையாகக் கற்க வேண்டும் என்பவை மகளுக்குச் சொன்னவற்றுள் சில. சஹாகுன் இவற்றை எழுதிவைத்ததால் இன்று நமக்கும் தெரிகிறது.

பாடசாலையும் இருந்தது. உயர்குடிப் பிள்ளைகளுக்கு ஒன்று, சாதாரண குடிமக்களின் ஆண்பிள்ளைகளுக்கு ஊர்தோறும் ஒன்று என இருவகை. இவற்றைத் தவிர, ஆண், பெண் இருபாலாரும் பன்னிரண்டு வயதளவில் மாலையில் பாட்டுக்கூடத்துக்குப் போய், தங்கள் குலத்தின் வரலாற்றைப் பாடலாகக் கற்றார்கள். ஏழையின் பிள்ளைக்கும் கல்வி உண்டு என்பது அக்காலத்தில் சிறிய காரியமன்று.

கலியாணம், சட்டம், சந்தை

கலியாணப் பேச்சை எடுத்துச் செல்பவர்கள் வயது முதிர்ந்த பெண்கள். பெண் வீட்டார் உடனே சரி சொல்ல மாட்டார்கள். பலமுறை நடக்கவைத்த பிறகே சம்மதிப்பார்கள். கலியாண இரவில் தீப்பந்தம் முன்னே போக, ஒரு பெண் மணமகளை முதுகில் சுமந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். பாயில் இருவரையும் இருத்தி, அவனுடைய போர்வை நுனியையும் அவளுடைய சட்டை நுனியையும் முடிச்சுப் போடுவார்கள். மணமுறிவுக்கும் வழி இருந்தது. பெற்றார் வழியில் பெண்ணுக்கும் சொத்து வந்தது. அது அவள் பெயரிலேயே நின்றது. ஸ்பானியர் ஆட்சியின் தொடக்க காலத்தில் நஹுவாட்ல் மொழியில் பெண்கள் எழுதிவைத்த மரண சாசனங்கள் இதற்குச் சாட்சி.

கள் போன்ற ஒரு மதுபானம் அங்கே உண்டு. ஆனால் வாலிபர்கள் குடித்து வெறித்தால் மரண தண்டனைவரை போனது. 70 வயதைக் கடந்த கிழவருக்கும் கிழவிக்கும் மட்டும் தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள்.

த்லாதெலோல்கோவில் இருந்த பெருஞ்சந்தையில் பெண்கள் உட்கார்ந்து விற்றார்கள், வாங்கினார்கள். அளவில் மோசடி செய்தவரை அங்கேயே விசாரிக்க நீதிபதிகள் இருந்தார்கள். சில்லறைக் காசாகப் புழங்கியது கொக்கோ விதை. 1545இல், அதாவது ஸ்பானியர் வந்தபின், த்லாஷ்கலா என்ற ஊரில் எழுதிய விலைப்பட்டியல் ஒன்று கிடைத்திருக்கிறது. பெட்டை வான்கோழி ஒன்றுக்கு 100 நல்ல கொக்கோ விதைகள். வான்கோழி முட்டைக்கு 3. பெரிய தக்காளிக்கு 1. இந்த விதையை அரைத்துக் குடிப்பது பணக்காரர் வழக்கம். அவர்கள் காசைத்தான் குடித்தார்கள் என்று சொல்லலாம்.

உயர்ந்த காசாகப் பயன்பட்டது பருத்தித் துணி. சிற்றூர்கள் தலைநகருக்குத் திறையாக அனுப்பிய துணிமூட்டைகளின் கணக்கு மென்டோசா ஏட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்தத் துணி முழுவதையும் நூற்று நெய்தவர்கள் வீட்டுப் பெண்கள். அரசனின் களஞ்சியம் அவர்கள் விரலால் நிரம்பியது.

அம்மியும் சுண்ணாம்பும்

இப்போது அம்மிக்கு வருவோம். காய்ந்த சோளத்தை முதல்நாள் இரவே சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து ஊறவிடுவார்கள். விடியுமுன் பெண் எழும்பி, அதைக் கழுவித் தோல் நீக்கி, மூன்று கால் வைத்த கருங்கல் அம்மியின் முன் முழங்காலிட்டு அரைப்பாள். ஒரு குடும்பத்துக்கு மா அரைக்க நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலம் பிடிக்கும். அரைத்த மா மறுநாளைக்குக் கெட்டுவிடும். ஆகவே ஒருநாள்கூட ஓய்வில்லை.

சுண்ணாம்பு எதற்கு? சோளத்தில் நயாசின் என்ற உயிர்ச்சத்து இருக்கிறது. ஆனால் அது உடம்பில் சேராதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீரில் வேகும்போதுதான் அது அவிழ்கிறது. அந்தப் பெண்களுக்கு இரசாயனம் தெரியாது. ஆனால் இப்படிச் செய்தால்தான் உடம்பு நிற்கும் என்பது தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு.

1520இல் ஸ்பானியரோடு வந்த பெரியம்மை நோய் நகரத்துக்குள் புகுந்தது. ஏறத்தாழ 60 நாட்கள் அது ஆடிய ஆட்டத்தை முதியவர்கள் சஹாகுனிடம் விவரித்திருக்கிறார்கள். நோயால் இறந்தவர்கள் ஒருபுறம். நோயாளிக்கு உணவு கொடுக்க எழுந்து நிற்கும் ஆள் எவருமின்றிப் பட்டினியால் இறந்தவர்கள் மறுபுறம். அம்மி ஓய்ந்தபோது நகரமும் ஓய்ந்தது. 1521 ஆகஸ்ட் 13ஆம் திகதி டெனோச்டிட்லான் வீழ்ந்தது.

வென்றவர்கள் சோள விதையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். அதைப்பற்றி அம்மியடியில் இருந்த பெண்ணிடம் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஐரோப்பாவில் சோளம் ஏழைகளின் உணவாகப் பரவியது. 1735இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் கஸ்பார் கசால் ஒரு புதுநோயை விவரித்தார். தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலித்து, கடைசியில் உயிரையும் வாங்கும் நோய் அது. பெலக்ரா என்று பெயர் பெற்றது. சோளத்தையே நம்பி வாழ்ந்த இத்தாலியக் குடியானவர்களையும், பின்னர் அமெரிக்காவின் தென்மாநில ஏழைகளையும் அது ஆயிரக்கணக்கில் தின்றது. உணவுக்குறைவே காரணம் என்று 1915ஆம் ஆண்டையொட்டி ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் நிறுவினார். நயாசின்தான் மருந்து என்று 1937இல் கண்டறிந்தார்கள். ஆண்டாண்டு காலமாக அந்தப் பெண்கள் ஒரு பிடி சுண்ணாம்பில் வைத்திருந்த விடை, வென்றவர்களுக்குக் கிடைக்க 400 ஆண்டுகள் பிடித்தன.

பாராட்டு மட்டும் போதாது

இதைப் படித்துவிட்டு, பெண்ணின் இடம் அம்மியடிதான் என்று எவராவது சொல்லக் கூடும். அவர்களுக்கு இன்னொரு சம்பவம். 1920களில் மெக்ஸிகோவின் தெப்போஸ்த்லான் என்ற ஊருக்கு சோளம் அரைக்கும் இயந்திர ஆலை வந்தது. ஆண்கள் எதிர்த்தார்கள். ரொட்டியின் ருசி போய்விடும் என்றார்கள். வேலை குறைந்தால் பெண்கள் ஊர்வம்பு பேசுவார்கள் என்றார்கள். ஆனால் விடியுமுன் முழங்காலிட்டவர்கள் ஆண்களல்லர். பெண்கள் விடவில்லை, கடைசியில் ஆலைதான் வென்றது. சுண்ணாம்பில் சோளம் வேகவைக்கும் அறிவு அப்படியே இருந்தது. முதுகொடியும் பாடு மட்டும் குறைந்தது. இன்றும் மெக்ஸிகோவில் சோள ரொட்டி சுண்ணாம்பு நீர் கண்ட மாவில்தான் தயாராகிறது. நஹுவாட்ல் மொழியை 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 16 இலட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள். மன்னர் இல்லை, படை இல்லை, கோயில் இடிபாடாகிவிட்டது. வீடு காப்பாற்றியது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சகோதரிகளே, 'என்ன செய்கிறீர்கள்?' என்று யாராவது கேட்டால், 'வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். இனி அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் உம்மாவும் உம்மும்மாவும் குசினியில், பேறுகாலத்தில், நோயாளியின் பக்கத்தில் செய்துவந்தவற்றுள் எத்தனையோ அறிவு இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஏன் இப்படிச் செய்தார்கள் என்று உங்கள் மகள் படித்துக் கண்டுபிடிக்கட்டும். அதற்காக அவளைப் படிக்கவிடுங்கள்.

இப்பத்திரிகையைக் கையில் எடுக்கும் வாப்பாமாருக்கும் நாநாமாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பெண்களின் கைமணத்தைப் புகழ்வது எளிது. அந்தக் கைக்கு ஓய்வு தேடிக் கொடுப்பதுதான் மரியாதை. இன்றிரவு சாப்பிட்டு எழும்பும்போது உங்கள் கோப்பையை நீங்களே கழுவி வைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.